மூன்று வகுப்பறைகளுக்குக் கேட்ட நெஞ்சு

கண்ணாடிக் கடைக்காரரின் மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாடவேளையில், அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்கத் தொடங்கியது. வேதியியல் ஆசிரியை கரும்பலகையிலிருந்து திரும்பி, கதவைத் தட்டுவது யார் என்று இரண்டு முறை கேட்டார். பக்கத்து வகுப்பில் எழுந்துபோய்க் கதவைத் திறந்தே பார்த்தார்கள். பின்னால் கட்டிடம் கட்டுகிறவர்களை ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்லத் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். போனவர், அங்கே அன்று வேலையே நடக்கவில்லை என்று திரும்பி வந்தார். மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. சத்தம் மூன்றாம் பெஞ்சிலிருந்து வருகிறது. காலையில் புதிதாகச் சேர்ந்த பையன் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கூடுகிறது.

அவன் அப்படியொன்றும் புதியவன் இல்லை. எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தான். எந்நேரமும் வரைந்துகொண்டிருந்ததால் படக்காரன் என்று பெயர். அவன் படம் வரைவான், பாத்திரங்களின் வாயருகே மிதக்கும் குமிழிகளுக்குள் அவள் வசனம் எழுதுவாள். அப்படி ஒரு காதல் சித்திரக்கதையை இருவரும் ஆறு நோட்டு வரை கொண்டுபோயிருந்தார்கள். நாயகனும் நாயகியும் முதல்முறையாகக் கைபிடிக்கப் போகிற இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான். பல மாதங்கள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, பிறகு தேறினாள். கடந்த ஒரு வருடமாகப் பள்ளி அணியின் கோல்கீப்பரோடு வீட்டுக்கு நடந்துபோனாள். நெடுநெடுவென்ற, அதிகம் பேசாத பையன். தேர்வுக்கு முந்தின நாள்கூட அவனோடு நடந்தால் அவளுக்குப் பதற்றம் அடங்கிவிடும்.

இப்போது படக்காரனை நினைத்தாலே சத்தம் வந்தது. அப்பாவின் கடையில் அலமாரிக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. மருத்துவர் இதயம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

“என்னடி இப்படி அடிச்சுக்குது? பயமா, இல்ல வேற ஏதாவதா?” என்றார் அம்மா.

“தெரியலம்மா.”

அது உண்மை. பென்சில் தீட்ட அவன் எழுந்தால்கூட, மறுபடி போகிறானோ என்று அவளும் பாதி எழுந்துவிடுவாள்.

கோல்கீப்பர் ஒரு வாரம் பொறுத்தான். பிறகு நடைபாதையில் நின்று கேட்டான்: “எனக்காக ஒரு தடவையாவது இப்படி அடிச்சிருக்கா?” அவள் நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தாள். அவன் அருகில் அது எப்போதும் அடங்கிவிடும். அந்த அமைதியே பதிலாகிப் போனது.

மறுநாள் படக்காரன் ஒரு பை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். நாலு வருடமாக அதே கதையை வரைந்திருந்தான். குமிழிகள் எல்லாம் காலி.

“அப்பாவுக்கு ஒரே நாள்ல மாத்தல். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். பெல்லை அழுத்தக் கை வரல.”

“இதுல ஏன் எதுவும் எழுதல?”

“எனக்கு அவங்க பேசுறது கேக்கல.”

அன்று மூன்று வகுப்புகளில் பாடம் நின்றது. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதமே இருந்ததால், புதிதாக வந்தவனை வேறு பள்ளிக்கு அனுப்புவது என்று தலைமையாசிரியை முடிவெடுத்தார். அதைக் கேட்டதும் எழுந்த சத்தத்தில் ஆய்வகத்தில் இரண்டு குடுவைகள் விரிசல் விட்டன. அப்போதுதான் கோல்கீப்பர் அலுவலக அறைக்குப் போய், “அவளை என் பக்கத்துல உட்கார வைங்க மேடம், சத்தம் வராது. அவன் எங்கேயும் போக வேணாம்” என்றான். இதற்காக, தான் இரண்டு வருடமாகக் காத்திருந்த அணித்தேர்வு முகாமை விட்டான். மூன்று மாதமும், பிறகு எல்லாத் தேர்வுகளிலும், அவளுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தான். அவள் நிம்மதியாக எழுதினாள். அந்த நிம்மதி யார் தந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசித் தேர்வு முடிந்ததும் கோல்கீப்பரின் பின்னால் ஓடினாள். “கோபமா?”

“இல்ல. போ, அவன் நிக்கிறான்.”

கோல்கீப்பர் தெருமுனை திரும்பும்வரை நெஞ்சு அமைதியாக இருந்தது. பிறகு தொடங்கியது.

காலி குமிழிகளை நிரப்ப அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. படக்காரனோடு கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகளில் நான்கு வீடு மாறினார்கள். கோல்கீப்பர் வேறெங்கோ பயிற்சியாளரானான் என்று கேள்வி. தன் நெஞ்சு அப்படி அடிப்பது மகிழ்ச்சியா, படக்காரன் மறுபடி போய்விடுவான் என்ற பயமா என்று தன்னையே கேட்டுக்கொள்வதை அவள் முப்பதாவது வயதில் நிறுத்தினாள். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் நாள் மாலை பதறிப்போய்க் காவலாளியைக் கூப்பிட்டார்கள்.

“மேல்வீட்டம்மா நெஞ்சுங்க” என்றார் அவர். “அவங்க வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கிட்டாரு.”

அவர்கள் சரியென்று தலையாட்டிவிட்டு, மீதி மூட்டைகளைப் பிரிக்கப் போனார்கள்.