மதிலுக்கு வெளியே ஒரு மரம்

செங்கடலோரப் புந்த் நாட்டுக் கரையில் கப்பல் ஒதுங்கினால் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும். யாதேமி ஓடமாட்டாள். வேண்டியவன் தேடி வரட்டும் என்று தன் குந்திரிக்க மரங்களுக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பாள். திமிர் என்றது ஊர். திமிர்தான். நல்ல பிசின் வடிகிற மரம் வைத்திருப்பவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

வருஷா வருஷம் வருகிற எகிப்துக் கப்பல்காரன் சென்பி, இந்தத் தடவை பிசின் கேட்கவில்லை. மரத்தையே கேட்டான், வேரும் மண்ணுமாக. அவன் ராஜாவின் கட்டளை. வெறுங்கையோடு திரும்பினால் தலை தப்பாது. மணிமாலை, கோடாரி, செம்புக் கண்ணாடி என்று கடையையே பரப்பினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் நீயே வச்சுக்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு, மரம் தாரேன். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறீங்களே, அதை என்னதான்யா பண்றீங்க? திங்கிறீங்களா?"

"சாமிக்குப் புகை போடுறோம் அக்கா."

"போட்டா? சாமி தும்முமா? அந்தப் புகைக்குள்ள நின்னா எப்படி இருக்கும்? அதைச் சொல்லு."

சென்பி எதையாவது அளந்துவிட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பிழைக்கத் தெரியாதவன்.

"தெரியாதுக்கா. பூசாரிங்களைத் தவிர யாரையும் கோயிலுக்குள்ள விடமாட்டாங்க. நாங்கல்லாம் மதிலுக்கு வெளியிலதான். காத்து இந்தப் பக்கம் திரும்பினா லேசா வாசனை வரும்."

"இத்தனை வருஷமா சுமந்தியே, ஒரு துண்டுகூட எடுத்துப் போட்டுப் பாக்கலையா?"

"எடுத்தா கை இருக்காது."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பால் குடுவைக்குப் புகை காட்டுகிற சட்டியில் தணல் இருந்தது. ஒரு பெரிய கட்டியை எடுத்து அதில் போட்டாள். சென்பி பதறிப்போய் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தான். இரண்டு ஆடுகள்தான் நின்றன.

"உக்காருய்யா. நாங்க ஈ வந்தாப் போடுவோம், மூக்கடைச்சாப் போடுவோம். நல்லா இழு."

இழுத்தான். இருமினான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழுவுறியா, புகையா?"

"ரெண்டும்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மா சாகுறப்ப, அந்த மதிலோரமா தன்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொன்னா. ராத்திரி முழுக்கக் காத்து இந்தப் பக்கம் வரவேயில்லை."

யாதேமி இன்னொரு கட்டியைத் தணலில் போட்டாள். பிறகு கேட்டாள்.

"இந்த மரத்தை எங்க நடுவாங்க?"

"மதிலுக்கு உள்ளதான்."

அவள் எழுந்து மரக்கன்றுகள் நிற்கிற சரிவுக்கு நடந்தாள். தோண்டுகோலை அவன் கையில் திணித்தாள்.

"ரெண்டாத் தோண்டு. ஒண்ணு உங்க ராஜாவுக்கு. இன்னொண்ணு கடல்ல பட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு, உங்கம்மாவைப் புதைச்ச எடத்துல நடு."