கறிவேப்பிலைச் சந்து

என் கடை கைவிட்டுப் போனால் அதற்கு நானேதான் காரணம். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

சிங்கப்பூர்த் தேக்காவில் எங்கள் சந்து நெடுக, பசுமைத் திட்டம் என்று நீளமான செடித்தொட்டிகள் வைத்தார்கள். முதலில் நட்ட செடிகள் வெயிலில் கருகிப்போயின. வெறும் மண்ணைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? கறிவேப்பிலை, சோற்றுக்கு வாசம் தரும் பாண்டான், பச்சை மிளகாய் என்று நட்டுத் தள்ளினேன். மூன்றே வருடத்தில் சந்து காடாகிவிட்டது. பயணப்பெட்டி விற்கிற இந்தக் கதீஜாவுக்கு ஒரே பெருமை. ஊரே வந்து நின்று போட்டோ எடுத்தது.

கடைசியில் கடைக்குச் சொந்தக்காரர் ரஞ்சனும் வந்தார். "இந்த மாசத்தோட உங்க லீஸ் முடியுதுக்கா. காப்பிக்கடை வைக்க ஒரு பொண்ணு கேக்குது. சந்து அவ்ளோ அழகா இருக்காம்."

இருபத்திரண்டு வருடக் கடை! எனக்கு நானே குழி தோண்டி, அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண் திவ்யதர்ஷினியை ரஞ்சன் இடம் பார்க்க அழைத்து வந்தது வெள்ளிக்கிழமை. அடுப்படிப் பக்கமே போகாத மனிதர்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பார். அன்றைக்குக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டில் சைவச் சமையல். போகிற வழியில் பாதிப்பேர் என் தொட்டியில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள்.

"இந்த கிரீனரிதான் எனக்கு வேணும், அங்கிள்" என்று திவ்யா போனைத் தூக்கினாள். படத்துக்குள் ஒரு கை நீண்டது. செங்காங்கிலிருந்து வரும் கமலாக்கா. அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

"ஆன்ட்டி, டெய்லி இப்படியா?" என்று என்னைக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை கூட்டம் ஜாஸ்திம்மா. பொங்கல், தீபாவளின்னா கேக்கவே வேணாம்."

"பறிக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கலாமே?"

"வைக்கலாம்லா. முதல்ல அந்த அக்காகிட்ட சொல்லிப் பாரு."

திவ்யா போனாள். அவள் வாய் திறப்பதற்குள் கமலாக்கா ஒரு கொத்தை அவள் கையில் திணித்துவிட்டார். "புதுசா வந்த பொண்ணா? அம்மாகிட்ட குடு, ரசத்துல போடட்டும். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

திவ்யா கொத்தை முகர்ந்தபடி திரும்பி வந்தாள். "சாரி அங்கிள், நான் வேற இடம் பாக்குறேன். இவங்ககிட்ட எப்படி நோ சொல்றது?"

ரஞ்சன் என்னை முறைத்த முறைப்பில் பெட்டிகளே பயந்திருக்கும். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுவாரம் எனக்கே இரண்டு வருட லீஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வாளியோடு தொட்டி முன்னால் நின்றேன். இரண்டு வருடத்தில் இவை இன்னும் உயரும், சந்து இன்னும் அழகாகும். அப்போது கடை கேட்டு வருகிறவருக்கு நோ சொல்லத் தெரிந்திருக்கும்.

தெரிந்துதான் ஊற்றினேன். ஒரு செடி விடாமல்.