பக்கத்து சீட் பிரேக்

கீமோ வார்டில் மற்றவர்களுக்கெல்லாம் மருந்துப் பை வந்துவிட்டது. டீச்சருக்கு மட்டும் இன்னும் வெறும் சலைன்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஊரைச் சாலைக்கு அனுப்பியவள். இந்த வார்டு நர்ஸும் அவளிடம் படித்தவள்தான்.

“என் பை எங்கம்மா? நடந்து வருதா?”

“டாக்டர் பாத்துட்டு அனுப்புவார், டீச்சர்.” நர்ஸ் நிமிரவில்லை. கண்ணாடி பார்க்காமல் லேன் மாறும்போதும் அவளுக்கு இதே முகம்தான்.

வாசலில் டாக்டர் தெரிந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த டீச்சரின் கணவனைப் பார்த்து ஒற்றை விரலை மடக்கினார். அவன் எழுந்து போனான்.

எப்போதும் இப்படித்தான். நோய் இவளுக்கு, பேச்சு வராந்தாவில். திரும்பி வரும்போது அவன் முகம் கழுவியிருப்பான். ஏசி ஓடும் வார்டில் வேர்த்துவிட்டதாம். “ஒண்ணுமில்ல” என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமானால் கொஞ்சம் சோறாவது வேண்டாமா?

சொட்டு எண்ணும் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அது வீல் என்று அலறியது.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றார் எதிர் நாற்காலிப் பெரியவர்.

“டெஸ்ட் டிரைவ், ஐயா.”

மெஷின் மாட்டிய சலைன் ஸ்டாண்டின் ஒரு சக்கரம் சுழலவில்லை. வண்டி இடப்பக்கமே இழுத்தது. வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடி வராந்தாவுக்கு வந்தாள்.

“…அது இன்னும் கடுமையான மருந்து. யோசிச்சு சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“யோசிக்க ஒண்ணுமில்ல, டாக்டர். அவ தாங்கமாட்டா. போதும், நிறுத்திடலாம். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல வேணாம், நானே கேட்டுட்டேன்.”

இருவரும் திரும்பினார்கள். மெஷின் அலறிக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஓடி வந்து அதன் வாயை அடைத்தாள்.

“பழைய மருந்து கேக்கல. அப்படித்தானே?”

டாக்டர் கணவனைப் பார்த்தார்.

“அங்க என்ன பாக்கறீங்க? கட்டி இருக்கறது என் உடம்புல.”

“ஆமாம்மா. காலைல வந்த ஸ்கேன்ல வளர்ந்திருக்கு.”

“புதுசு எத்தனை பேருக்குக் கேக்கும்?”

“பத்துல ரெண்டு பேருக்கு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“என்கிட்ட படிச்சு முதல் டெஸ்ட்லயே பாஸாகறவங்களும் அவ்வளவுதான். அதுக்காக மத்தவங்க டெஸ்டுக்குப் போகாமயா இருக்காங்க?”

“வேணாம்டி,” என்றான் அவன். “போன தடவையே நீ பட்டது போதும். எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படு. பக்கத்துல உக்காந்து நல்லா பயப்படு. ஆனா பிரேக்ல கால வைக்காத. பத்து வருஷமா அந்த சீட்ல உக்காந்தவ சொல்றேன், பக்கத்துல இருக்கறவன் சும்மா சும்மா மிதிச்சா வண்டி நகராது.”

அவன் தரையில் புரண்ட டியூபைக் குனிந்து எடுத்தான்.

அவளே ஸ்டாண்டை வார்டுக்குத் திருப்பினாள். நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த அவனுடைய ஸ்டூலை, பின்னாலேயே வந்த டாக்டர் பக்கம் காலால் தள்ளினாள்.

“உக்காருங்க, டாக்டர். முதல்லேர்ந்து சொல்லுங்க. என்னைப் பாத்து.”