அரை மணி நேரம்

பட்டப்பகலில் சிம்னி விளக்கைக் கொளுத்திவைத்து, அதன் வெளிச்சத்தில் கலையரசி பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடக்கும் வண்டல் கழுத்துக்கு வந்தால் வெளிச்சத்தில் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கட்டிலில் கிடந்தபடியே அப்பா சொல்லிக்கொடுத்த வேலை இது.

"மெதுவா. கை நடுங்கக் கூடாது" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது.

ஆதிமூலம் இருபது வருஷம் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி வீட்டில் மேசைக்குப் பரிமாறியவர். ஐம்பத்து நாலில் துரை கப்பலேறும்போது கொடுத்த போர்ட் ஒயின் இது. பாட்டிலில் 1927 என்று போட்டிருந்தது. முப்பத்து மூன்று வருஷம் நெல் குதிருக்கு அடியில் படுக்கவைத்தே காப்பாற்றினார். எத்தனையோ பாட்டில் ஊற்றிக்கொடுத்தவர், ஒரு சொட்டு குடித்ததில்லை. நாலு நாளாகக் கஞ்சி இறங்காத நிலையில்தான் ஆசையைச் சொன்னார். மகன் எதிரில் உட்கார வேண்டும், துரையும் சிநேகிதரும் போல இரண்டு பேரும் குடிக்க வேண்டும். ஆறு வருஷமாகப் பீ மூத்திரம் அள்ளுகிறவளுக்கு ஒரு வாய் உண்டென்று அவர் சொல்லவில்லை. கலையரசிக்கு வயிறு எரியத்தான் செய்தது.

தம்பி அன்புச்செல்வன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். லீவு கிடைக்காமல் தாமதமாகக் கிளம்பி மாட்டிக்கொண்டான். தியாகதுருகத்தோடு பஸ் நின்றுவிட்டது, நடந்து வருகிறான் என்று காலையில் சைக்கிள்காரர் ஒருவர் வந்து சொன்னார். அதைக் கேட்டதும்தான் அப்பா பாட்டிலைத் திறக்கச் சொன்னார்.

"மாப்ள எங்க? சைக்கிள்ல போயி இட்டாரச் சொல்லு."

"கழனிக்குப் போயிருக்காரு நைனா."

பொய். அவள் புருஷன் ராஜாங்கம் விடியுமுன்னே கோடாலியோடு போனவன். மறியலுக்காக ரோட்டில் வெட்டிச் சாய்த்த புளியமரங்களில் ஒன்று அவன் வெட்டியது. கூழ் கரைத்துக் கொடுத்து அனுப்பியவளும் இவள்தான். இப்போது போய் அவனைக் கூப்பிட்டால் ஊரே காறித் துப்பும். கூப்பிடாவிட்டால் தம்பி எப்போது வருவானோ.

தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வேட்டித் துணியில் வடிகட்டி, கண்ணாடி ஜாடியில் நிரப்பினாள். கடிகாரத்தில் பதினொன்று.

"புதுசுன்னா மூணு மணி நேரம் காத்தாட வைக்கலாம். இது பழசு. அரை மணி போதும். ஜாஸ்தி வச்சா ருசி செத்துப்பூடும்."

பதினொன்றரைக்கு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கல்வராயன் மலை வரைக்கும் வெயில்தான் தெரிந்தது, ஆள் இல்லை.

"ஆச்சா?" என்றார் அப்பா. அவருக்குக் கடிகார முள் தெரியாது, கண் மங்கி வருஷமாகிறது.

"பத்து நிமிசந்தான் ஆவுது, நைனா."

பன்னிரண்டுக்கும் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். தம்பி வரும்வரை நேரத்தைப் பிடித்து நிறுத்திவிட முடியும் என்று நினைத்தாளோ என்னவோ. ஆனால் இருபது வருஷம் பழகிய மூக்கை யார் ஏமாற்ற முடியும்?

"வாசன வந்துருச்சும்மா" என்றார். முகத்தை அவள் பக்கம் திருப்பி, "ரெண்டு டம்ளர் எடு. நீ எதிர்ல உக்காரு" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் சொன்னாள்: "அஞ்சு நிமிசம் நைனா. அவன் வந்துருவான்."

டம்ளர்களைக் கழுவி முக்காலியில் வைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பாவின் முகம் ஜாடிப் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை.

இரண்டு மணிக்கு ராஜாங்கத்தின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தம்பி வந்தான். வெட்டிப்போட்ட மரத்தின் மேல் ஏறித் தாண்டும்போது முழங்கால் கிழிந்திருந்தது. அங்கேதான் அவனைப் பார்த்தேன் என்று ராஜாங்கம் சொன்னான். சொன்னவன் சட்டையெல்லாம் மரத்தூள். தம்பி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பக்கத்து வீட்டு இருசம்மாள், இறந்தவர் வாயில் ஊற்றப் பால் கொண்டுவந்தாள்.

"செத்த இரு அத்த" என்றாள் கலையரசி.

இரண்டு டம்ளரிலும் ஒயினை ஊற்றினாள். ஒன்றிலிருந்து கரண்டியில் எடுத்து அப்பாவின் உதட்டில் விட்டாள். அது கடைவாய் வழியாக வழிந்தது, முந்தானையால் துடைத்தாள்.

"ஆயிருச்சு நைனா. அரை மணி ஆயிருச்சு."

பிறகு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, புருஷன், தம்பி, தெருசனம் எல்லோரும் பார்க்க, இன்னொரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். சப்பென்று இருந்தது.