பாதிச் சாட்சி

எவாஞ்சலின் செய்த ஒரே தப்பு, பத்திரிகைக்காரி சுபாஷிணியிடம் சபையில் சாட்சி சொல்வதுபோலப் பேசியதுதான். சாட்சி என்றால் முதலில் பட்ட பாட்டை ஒன்றுவிடாமல் கொட்ட வேண்டும். கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட வேண்டும். அப்புறம்தான் கர்த்தர் தூக்கிவிட்ட கதை. டெல்லி ஜனக்புரித் தமிழ்ச் சபையிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு இது தெரியாதா என்ன?

பேசியதும் தனக்காக இல்லை, தம்பி ஆரோனுக்காக. குர்காவ் கம்பெனியில் நல்ல வேலைதான். ஆனால் சில மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. "நான் இருந்து யாருக்குக்கா லாபம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். நர்ஸாக எத்தனையோ பார்த்தவள் அன்றைக்கே அவனை மனநல டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை பிரிக்காமலே ஃப்ரிஜ் மேல் கிடந்தது.

"அதெல்லாம் ஆளை ஜடமாக்கிரும்க்கா. நெட்ல பூரா அப்படித்தான் போட்டிருக்கு."

அதே ஜாதி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டுதான் அவள் ஐசியூவில் வேலை பார்க்கிறாள், பாட்டுக்குழுவில் பாடுகிறாள். கண்ணெதிரே நிற்கும் அக்காவை நம்பாதவன், அச்சில் வந்தால் நம்புவான். அந்த நேரம் பார்த்துத்தான் சுபாஷிணி வந்தாள். "ஜனங்களோட பயத்தைப் போக்கற மாதிரி எழுதப்போறேன்க்கா. உங்க பேரை மாத்திடறேன்."

எவாஞ்சலின் கொட்டினாள். ஆரம்பத்தில் நாக்கு வறண்டது, கை நடுங்கியது, அழக்கூட வராமல் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தது. பிறகு டாக்டர் மருந்தை மாற்றியது, ஒரு காலையில் டீ ருசித்தது, பாட்டு தானாக வாயில் வந்தது. அதைக் கேட்டுச் சுபாஷிணிக்கே கண் கலங்கியது.

"ஞாயித்துக்கெழம பேப்பர்ல வர்ற நர்ஸ் நான்தாம்ல. படிச்சிட்டு அன்னைக்கே மாத்திரையத் தொடங்கணும்," என்றாள் தம்பியிடம்.

"அச்சா, பாக்கேன்," என்று அவனும் இறங்கிவந்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! 'சிரிப்பைத் தின்ற மாத்திரைகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ஒரு பெண்ணின் படம். கீழே 'நான்சி' என்கிற நர்ஸ் நாக்கு வறண்டு, கை நடுங்கி, மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள். டீயும் இல்லை, பாட்டும் இல்லை. இன்றும் அதை விடமுடியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று முடித்திருந்தார்கள்.

எவாஞ்சலின் சர்ச் வாசலில் நின்றே போன் போட்டாள்.

"எடிட்டர் வெட்டிட்டார்க்கா. குணமாயிடுச்சுன்னு எழுதினா யாரு படிப்பா? பேரைத்தான் மாத்திட்டேனே!"

"அடிப்பாவி! பேரா இப்ப பெருசு? சாட்சியப் பாதியில நிறுத்துனா அதுக்குப் பேரு என்னடீ? உன்ன எங்கூடப் பொறந்தவளா நெனச்சுல்லா சொன்னேன்!"

"அப்புறமா பேசறேன்க்கா." துண்டித்துவிட்டாள். சபையில் கூடச் சேர்ந்து பாடியவளே இப்படிக் கழுத்தறுத்தால் வெளியாளை என்ன சொல்ல? எவாஞ்சலின் அப்படியே வீட்டுக்கு ஓடினாள்.

ஆரோன் பேப்பரை மடித்து வைத்திருந்தான்.

"ஏலே, அது பாதிதாம்ல! மீதிய வெட்டிட்டாளுவ!"

அவனுக்குக் கோபமே இல்லை. "இருக்கட்டும்க்கா. நான் பயந்துருவேன்னுதான நீ பட்ட பாட்ட எங்கிட்ட மறைச்ச? அவகிட்டயாவது உண்மையச் சொன்னியே."

அவள் சர்ச்சுக்குப் போகிற அவசரத்தில் விட்ட காலை மாத்திரையை எடுத்து, அவன் பார்க்கவே வாயில் போட்டாள். அவன் தண்ணீர் மொண்டு கொடுத்து அவள் முதுகைத் தடவினான்.

"விடவே முடியலல்லாக்கா?"

அவனுடைய மாத்திரை அட்டை, பிரிக்காமலே, குப்பைக்கூடையில் கிடந்தது.