வெங்காயத்துக்குள் ஆறு வீடு

மருந்தடிக்க ட்ரோன் ஏற்றிய பக்கத்துத் தோட்டத்து அபூசாலி, போனைப் பிடித்தபடி வேலி பாய்ந்து வந்தான். அவனுக்கு நான் அண்ணன் மாதிரி.

"காக்கா, உங்கட வெங்காயத்துக்குள்ள ஆரோ ஊடு கட்டியிரிக்கான்!"

படத்தைப் பார்த்தேன். வெளிறிய தோட்டத்தில் கரும்பச்சையாக ஆறு வட்டம். பயத்தில் என் தாடி அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. பொய்யில்லை, என் மனைவி சுல்பா அளந்து பார்த்தாள்.

அது எவருடைய வீடென்று எனக்குத் தெரியும். போன வருஷம் கிணற்றை அகலமாக்கும்போது அரைகல்லும், கருகிய தானியமும், சட்டி ஓடும் வந்தன. எழுத்துத் தெரியாத காலத்தில் இங்கே பயிர் செய்த ஆட்களுடையவை. வட்டச் சுவருக்கு அவர்கள் தோண்டிய கானில் மண் இன்னும் கொழுத்துக் கிடக்கிறது. கிணற்றடியில் வந்ததையெல்லாம் மூச்சுக் காட்டாமல் மூடிவிட்டேன். புதைபொருள் இலாகாக் கந்தோருக்குக் கதை போனால் காணியைச் சுற்றிக் கம்பி அடித்துவிடுவார்கள். நுரைச்சோலையில் எனக்கிருப்பது இந்த இரண்டு ஏக்கர்தான்.

"வெளிறின இடத்துக்கு உரத்தப் போடுங்க, எல்லாம் ஒரே பச்சையாகிடும்" என்றாள் சுல்பா.

ஆறு மூடை போட்டேன். வட்டங்கள் அதையும் தின்று கறுத்தன. கொக்குகள்கூட மேலால் பறக்காமல் சுற்றிப் போயின.

வேறு வழியில்லை. வட்டத்து வெங்காயத்தை மட்டும் பிடுங்கினேன். அபூசாலி மறுபடி ட்ரோன் ஏற்றினான்.

"இப்ப வாசலும் தெரியுது காக்கா."

அன்றிலிருந்து சுல்பா அந்தச் சுவர்களைத் தாண்டுவதில்லை. களை பிடுங்கப் போனாலும் வாசலால் போய், ஸலாம் சொல்லிவிட்டுத்தான் குனிவாள். இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

அபூசாலி படத்தைத் தேத்தண்ணிக் கடையில் காட்டியிருக்கிறான். வியாழக்கிழமை கந்தோர் ஜீப் வந்தது. இறங்கியவர் அஜித்தா மிஸ், சிலாபத்துப் பக்கம்.

"இதென்ன ஐயா வட்டம்?"

"தண்ணி சுத்தியடிக்கிற குழாய்ட தடம் மிஸ்."



"நானும் அப்படித்தான் நினைச்சன்." கொப்பியை மூடிவிட்டு, ஜீப்பை நோக்கிக் குறுக்கே நடந்தார்.

சுல்பாவால் பொறுக்க முடியவில்லை.

"அல்லாஹ்வே! சுவருக்குள்ளால போறீங்களே புள்ள, வாசல் அங்கால!"

மிஸ் ஒற்றைக் காலில் நின்றார். சுல்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்வாங்கி, சுற்றிப் போய், வாசலால் நுழைந்து குந்தினார். இரண்டு கை மண் அள்ளியதுமே ஓடு தட்டுப்பட்டது.

"இனி இதுக்குள்ள மம்பட்டி போட வேணாம் ஐயா."

சாரதி கம்பிச் சுருளை இறக்கினார். சுல்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ளுக்கு வாங்க, காட்டுறன்" என்றார் மிஸ்.

நாற்பது வருஷம் நான் கொத்திய மண். வாசலில் செருப்பைக் கழற்றினேன். அதற்கு மேல் கால் எழும்பவில்லை.