மாப்பிள்ளை போட்ட கும்பிடு

காலை பத்து இருபத்தைந்துக்கு, டீ மணி அடிக்கச் சற்று முன்னால், ரோபோ கடலை மிட்டாய்ப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டது.

மஞ்சுளாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி நாச்சியா, உன் மாப்ள கும்புடு போடுது?"

நாச்சியார் திரும்பினாள். ரோபோ ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டியை உறிஞ்சிப் பிடித்தது. தூக்கியது. திரும்பி மரப் பேலட்டின் மேல் வைத்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

"ஏட்டி, ஒனக்கு டீ குடிக்காம கண்ணைக் கட்டுது."

"இரு. அடுத்த அடுக்கு முடியட்டும்."

முடிந்தது. மூலையில் கடைசிப் பெட்டியை வைத்த கை பெல்ட்டுக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் விலகியது. மறுபடி இறங்கிப் பெட்டியின் ஓரத்தை மெல்லத் தொட்டது. பிறகு மேலே ஏறி, கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போல ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல வேலைக்குப் போனது.

அந்தக் கும்பிடு நாச்சியாருடையது.

போன வாரம்தான் அது ஒரகடத்து மிட்டாய்த் தொழிற்சாலைக்கு வந்து இறங்கியது. ஆரத்தி எடுத்தார்கள். சந்தனம் வைத்தார்கள். ஒற்றைக் கை. சுற்றி வேலி வேண்டாம், யார் மேலாவது பட்டால் தானே நின்றுவிடும் என்றான், அதைக் கொண்டுவந்த கம்பெனியின் எஞ்சினியர் பிரவீன்.

"அப்ப வூட்டு மாப்ளதான்," என்றாள் மஞ்சுளா. "தொட்டா கோச்சிக்கினு நின்னுக்கும்."

பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளைக்கு வேலை தெரியாது. கையைப் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். நடந்த வழியை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். ஓர் அடுக்கு காட்டினால் போதும், அதற்கு மேல் எத்தனை அடுக்கானாலும் தானே போட்டுக்கொள்ளும். பெட்டி அடுக்குகிற இரண்டு பேரில் நாச்சியார் உயரம். நேற்று பிரவீன் அவளைக் கூப்பிட்டான். மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு பெட்டியாக நடத்திக் காட்டினாள். பிரவீன் பாதி நேரம் போனில் இருந்தான்.

கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்தபோது அவள் ஷூ அதன்மேல் இடித்தது. உள்ளே தின்கிற பண்டம். காலில் பட்டால் என்ன செய்வார்கள்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையில் இன்னொரு கை இருந்ததை அவள் மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை மறக்கவில்லை.

டீ மணி அடித்தது. நாச்சியார் டீக்குப் போகவில்லை. மாப்பிள்ளை தானாக ஓடுவது இன்றைக்குத்தான் முதல் தடவை. மானேஜர் ராஜசேகர் பார்க்க வருகிறார். ஓட்டம் சரியாக இருந்தால், சொல்லிக்கொடுத்தவளே ஆபரேட்டர். இல்லாவிட்டால் பிரவீனின் கம்பெனியிலிருந்து ஆள் வரும். நாச்சியார் பாகு காய்ச்சும் பக்கம் போக வேண்டும். நாளெல்லாம் வெல்லம் கொதிக்கிற இடம். அங்கே வேலை செய்கிறவர்கள் மத்தியானம் சோற்றைத் தொடாமல் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோவில்பட்டிக்கு போன் போட்டதுதான் தப்பு. 'ரோபோ ஆபரேட்டர் ஆகப்போறேம்மா' என்றுதான் ஆரம்பித்தாள். அம்மா 'போறேன்' வரை காத்திருக்கவில்லை. தெரு முழுக்க அல்வா போய்விட்டது. கடலை மிட்டாய் ஊரில் அல்வா. அவ்வளவு பெரிய விசேஷம்.

"தம்பி, அந்தக் கும்பிடை மட்டும் அழிச்சிருங்க," என்றாள் பிரவீனிடம்.

"அது மட்டும் அழியாதுக்கா. முழு அடுக்கும் ஒரே ஓட்டம். முதல்லேருந்து திரும்பச் சொல்லிக்குடுக்கணும்."

"குடுப்போம். வாங்க."

"சார் மாடியிலேருந்து இறங்கிட்டார்க்கா."

அப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர் தாண்டவராயன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். சனிக்கிழமையானால் ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் கோயிலில் தலையில் சடாரி வாங்காமல் வேலைக்கு வரமாட்டார்.

"அண்ணாச்சி, நீங்கதான் காப்பாத்தணும்."

"நான் இன்னா மளிகைக் கடையா வச்சிக்கீறேன்? அண்ணேன்னு கூப்புடு."

"அண்ணே, காப்பாத்துங்க."

தாண்டவராயன் ஓர் அடுக்கு முடியும்வரை நின்று பார்த்தார். மாப்பிள்ளை கும்பிட்டதும் அவர் கையும் கன்னத்துக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டார்.

"பக்தியாத்தான் கீது. கெட்ட பழக்கம் ஒண்ணும் கத்துக்குடுக்கலியே நீ."

"சார் கேட்டா?"

"நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. தொறந்தா தாமிரபரணி மாதிரி ஓடும்."

"கோவில்பட்டியில ஏதுண்ணே தாமிரபரணி?"

"பாத்தியா? ஓடுது."

ராஜசேகர் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. வந்ததும் நேரே தூணுக்குப் போனார். அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்பு அங்கே இருந்தது. 'ரோபோ நின்றால் நீங்களும் நிற்கவும். ஆபரேட்டர் தவிர யாரும் தொடக் கூடாது.' மூலை பிரிந்திருந்தது. அழுத்தி ஒட்டினார். பிறகு ரோபோவைப் பார்த்தார்.

மாப்பிள்ளை மேல் அடுக்கை முடித்தது. தொட்டது. ஒற்றிக்கொண்டது.

"என்ன அது?"

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார்.

"செக்கிங் சார். பொட்டி கெட்டியா உக்காந்துச்சான்னு தொட்டுப் பாக்குது."

"மேலே போய் ஏன் நிக்குது?"

"தள்ளி நின்னு ஒரு தபா பாக்குது சார்."

ராஜசேகர் பிரவீன் பக்கம் திரும்பினார். "இப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

பிரவீன் நாச்சியாரைப் பார்த்தான். நாச்சியார் கூரையைப் பார்த்தாள்.

"கூடுதல் வசதி சார்," என்றான்.

"வெரி குட். மத்த லைனுக்கும் இதையே போட்டுடுங்க."

மஞ்சுளாவின் தோள் குலுங்கியது. நாச்சியார் அவள் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளும்போதே மனசுக்குள் கோவில்பட்டிக்கு போன் போட்டாள். 'ஆயிட்டேம்மா.'

அத்தோடு மானேஜர் மாடி ஏறியிருக்கலாம்.

ஏறவில்லை. நிறைந்த பேலட்டை இழுத்துப் போனார்கள். காலிப் பேலட் வந்தது. மாப்பிள்ளை தரையோடு முதல் அடுக்கைத் தொடங்கியது. அந்த செக்கிங்கைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்று ராஜசேகருக்கு ஆசை வந்துவிட்டது. வேலி கிடையாதே. மூலைக்கே போய் நின்றார்.

மாப்பிள்ளை கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு விலகியது. ராஜசேகர் இன்னும் ஓரடி நெருங்கினார். ஷூ நுனி பெட்டியில் இடித்தது.

சின்ன இடிதான். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இரண்டு பட்டம் வாங்கியவர், ஜப்பானில் பயிற்சி எடுத்து வந்தவர். பண்டம் காலில் பட்டதும் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. சட்டென்று குனிந்தார். பெட்டியைத் தொட்டார். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அதே பெட்டியைத் தொட மாப்பிள்ளையும் இறங்கியது.

நடுவில் தலை இருந்தது.

பூப்போல வந்து வலைத் தொப்பியின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும், சொன்ன சொல் தவறாமல், நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"சடாரி," என்றார் தாண்டவராயன் மூச்சுக்குள். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

ராஜசேகர் அசையவில்லை. ரோபோ நின்றால் நிற்க வேண்டும். அவர் எழுதியதுதான். ஒரு கை கண்ணருகில், முதுகு வளைந்தபடி நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். பிரவீன் ஓர் அடி எடுத்து வைத்தான், தூணைப் பார்த்தான், காலைப் பின்னால் வைத்தான். மஞ்சுளா கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டின.

"தாண்டவராயன்," என்றது கீழேயிருந்து குரல்.

"சார்."

"இது செக்கிங்தானா?"

தாண்டவராயன் கூப்பிய கையோடு பொய் சொல்கிறவர் அல்ல.

"இல்ல சார். கும்புடு."

பாகு பக்கத்திலிருந்து வெல்ல வாசனை வந்தது.

ரோபோவை இயக்கும் திரையில் பச்சைப் பட்டன் மின்னி மின்னி அணைந்தது. ஒருமுறை தொட்டால் போதும், மாப்பிள்ளை கையை எடுத்துவிடும். நாச்சியார்தான் அதற்குப் பக்கத்தில் நின்றாள். விரல் பாதி தூரம் போய்விட்டது. தூணில் 'ஆபரேட்டர் தவிர' என்ற வரியைப் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டாள்.

ராஜசேகர் தலை நிமிராமல் கேட்டார்.

"யாரும்மா இங்கே ஆபரேட்டர்?"